அத்தியாயம் 6: பழைய போர்ஷே பாக்ஸ்டர் – பார்ப்பது, வாங்குவது, பழுது பார்ப்பது

அமெரிக்காவில் ஒரு புதிய ஹோண்டா சிவிக் வாங்கும் பணத்தில் பாதிகூட இல்லாமல் போர்ஷே ஒன்றை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். 1997 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டர் அந்த விலைக்கு இறங்கிவிட்டது. கம்பெனி வட்டாரத்தில் இதற்கு 986 என்று பெயர். இரண்டு இருக்கை, துணிக்கூரை, இருக்கைக்குப் பின்னால் படுத்துக்கிடக்கும் ஆறு சிலிண்டர் என்ஜின். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வேறு கார் பிடிப்பதில்லை.

ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டுமே. பாகங்களின் விலையும் பட்டறைக் கூலியும் போர்ஷே உயரத்திலேயே நிற்கின்றன. எனவே இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான்: மலிவான பாக்ஸ்டரைத் தேடாதீர்கள், முந்தைய உரிமையாளர் செலவு செய்துவைத்த பாக்ஸ்டரைத் தேடுங்கள். இரண்டாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும் லாபம் உங்களுக்குத்தான்.

எந்த ஆண்டு வண்டி?

1997–99 வண்டிகளில் 2.5 லிட்டர் என்ஜின். 2000 மாடலிலிருந்து சாதாரண பாக்ஸ்டருக்கு 2.7, ‘எஸ்’ ரகத்துக்கு 3.2 லிட்டர். 2003-இல் பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் போய் கண்ணாடி வந்தது. என் தேர்வு 2003, 2004 வண்டிகள். கண்ணாடி ஜன்னல் ஒன்றுக்காகவே அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம்.

அடுத்த தலைமுறையான 987-ல் (2005 முதல்) ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2009 மாடலில் என்ஜினையே புதிதாக வடிவமைத்துவிட்டார்கள். கீழே சொல்லப்போகும் ஐ.எம்.எஸ். தொல்லை அதில் கிடையாது. கையில் பணம் இருந்தால் அங்கே போய்விடுவது நிம்மதி.

ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவுக்குள் இறக்குமதியாகும் பழைய கார் மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்க பாக்ஸ்டர் இரண்டிலும் தேறாது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.” நீங்கள் போகும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

1. டிக்கியைத் திறந்து மோந்து பாருங்கள். பின்பக்க டிக்கியில்தான் ஆயில் ஊற்றும் மூடியும் கூலன்ட் மூடியும் இருக்கின்றன. தித்திப்பான ஒரு நெடி அடித்தால் கூலன்ட் கசிகிறது. கார்ப்பெட்டைத் தூக்கி ஈரம் பாருங்கள்.
2. ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்கம் மோர் நிறத்தில் லேசான படலம் இருந்தால், குளிர்காலத்தில் குறுகிய தூரம் ஓட்டியதன் அடையாளமாக இருக்கலாம். கட்டிகட்டியாக வழவழப்பாக இருந்தால் ஆயிலில் கூலன்ட் கலக்கிறது. அத்தோடு வீட்டுக்குத் திரும்பலாம்.
3. இரண்டு இருக்கைகளுக்குப் பின்னும் அடியிலும் கார்ப்பெட்டை அழுத்துங்கள். ஈரமா, பூஞ்சை வாடையா? காரணத்தைக் கீழே பார்ப்போம்.
4. ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். ஒரு கொத்துப் புகை வந்து அடங்கினால் பயம் வேண்டாம். படுக்கை என்ஜினில் இரவு முழுக்கக் கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள் தங்குவது இயல்பு. சரிவில் நிறுத்தியிருந்தால் இன்னும் கூடுதலாக வரும். தெருவே மறையும்படி வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் அது வேறு வியாதி.
5. கூரையை இரண்டு முறை திறந்து மூடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால்தான் கூரை நகரும். இது தெரியாமல் “மோட்டார் போயிடுச்சு” என்று விலை குறைத்து விற்றவர்களும் உண்டு.
6. பிறகுதான் ஓட்டிப் பாருங்கள். குறைந்தது அரை மணி நேரம். என்ஜின் முழுக்கச் சூடான பின் டிராஃபிக்கில் நின்று வெப்ப முள்ளைக் கவனியுங்கள்.

இத்தனையும் தேறினால், வாங்குவதற்கு முன் போர்ஷே தெரிந்த ஒரு தனியார் பட்டறையில் பரிசோதனைக்குக் கொடுங்கள். சுமார் 250 முதல் 400 டாலர் ஆகும். மேனுவல் கியர் வண்டியென்றால் என்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான ‘ஓவர் ரெவ்’ கணக்கையும் ஸ்கேனரில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஐந்தாவதிலிருந்து நான்குக்குப் போடுவதாக நினைத்து இரண்டில் போட்டவரின் குட்டு அங்கே உடைந்துவிடும். கூடுதல் ஆபத்தான இரண்டாம் வரம்பில் எண் ஏறியிருந்தால், எப்போது நடந்தது என்பதையும் கேளுங்கள். விற்பவர் பரிசோதனைக்கு வண்டியைத் தர மறுத்தால் பேச்சு அதோடு முடிந்தது.

ஐ.எம்.எஸ். பேரிங்: பயமும் கணக்கும்

என்ஜினின் அடிப்பகுதியில் இண்டர்மீடியட் ஷாஃப்ட் (ஐ.எம்.எஸ்.) என்றொரு தண்டு ஓடுகிறது. கிராங்க் இதைச் சுழற்றுகிறது. இது செயின்கள் வழியே கேம் ஷாஃப்டுகளைச் சுழற்றுகிறது. கியர்பாக்ஸ் பக்க முனையில் இதைத் தாங்கி நிற்பது ஒரு சீல் வைத்த பால் பேரிங். ஆண்டுகள் போகப்போக சீல் தளர்கிறது, உள்ளே இருக்கும் கிரீஸ் கழுவிக்கொண்டு போகிறது, பேரிங் உதிர்கிறது. பேரிங் உடைந்தால் கேம் நேரம் தப்பி, வால்வும் பிஸ்டனும் மோதி, என்ஜின் ஒரு நொடியில் பழைய இரும்பாகிவிடும்.

1997–99 வண்டிகளில் இரட்டை வரிசை பேரிங். அது பலமானது. 2000, 2001-இல் இரண்டும் கலந்து வந்தன. 2002 முதல் 2004 வரை ஒற்றை வரிசை. பழுதானவற்றில் பெரும்பாலும் இதுதான். 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான பாக்ஸ்டர், 911 வண்டிகளுக்காக அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. அந்த இழப்பீட்டுக்கான காலம் கடந்துவிட்டது. இனி உடைந்தால் செலவு உங்களுடையது.

இத்தனைக்கும் பெரும்பான்மை வண்டிகள் இந்தப் பேரிங்கோடு நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. பயந்து ஓட வேண்டாம், கணக்குப் போடுங்கள். பேரிங்கைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும். கூலி அத்தனையும் அதற்குத்தான். ஆகவே கியர்பாக்ஸ் கீழே இறங்கும் அன்று கிளட்ச், பின்பக்க கிராங்க் சீல், ஐ.எம்.எஸ். பேரிங் மூன்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். தனியார் பட்டறையில் மொத்தம் சுமார் 2,500 முதல் 4,000 டாலர். உடைந்தபின் வேறு என்ஜின் வைக்க 10,000 டாலரைத் தாண்டும், வண்டியின் விலையைவிட அதிகம்.

வாங்கும்போது “பேரிங் மாற்றியாச்சு” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். எந்தப் பேரிங், எந்தத் தேதி, எத்தனை மைலில் என்று பில் காட்ட வேண்டும்.

*கவனம்:* இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். கேம் ஷாஃப்டுகளைப் பூட்டி, செயின் டென்ஷனர்களைக் கழற்றிய பிறகே பேரிங்கை இழுக்க வேண்டும். ஒரு பல் தப்பினாலும் நீங்கள் தவிர்க்கப் பார்த்த அதே விபத்து உங்கள் கையாலேயே நடக்கும். இன்னொன்று: 2006 முதல் 2008 வரையிலான 987-ல் பேரிங் பெரியது, என்ஜினைப் பிளக்காமல் வெளியே வராது. அங்கே ஆயிலை அடிக்கடி மாற்றுவது ஒன்றே வழி.

வண்டியைத் தூக்கும் முன்

நீங்களே செய்யக்கூடிய வேலைகளுக்கு இப்போது வருகிறோம். முதலில் உயிர்ப் பாதுகாப்பு.

சமதளமான கான்கிரீட் தரை வேண்டும். தார்த் தரையில் வெயில் நேரத்தில் ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும். வண்டியின் அடியில் நான்கு மூலையிலும் ஜாக்கி வைக்கும் இடங்கள் உண்டு. அவற்றைத் தவிர வேறெங்கும் ஜாக்கி வைக்காதீர்கள், ஆயில் பானில் வைக்கவே வேண்டாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்டு. ஸ்டாண்டு வைத்தபின் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டத் தயங்கினால் அதன் அடியில் படுக்கவும் கூடாது. சக்கரத்தைத் திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் 130 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள்.

ஆயில் மாற்றி, ஃபில்டரைப் படிப்பது

கம்பெனி சொன்ன நீண்ட இடைவெளியை மறந்துவிடுங்கள். 8,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். எட்டு லிட்டருக்கும் மேல் பிடிக்கும். கையேட்டில் உங்கள் என்ஜினுக்குரிய அளவைப் பார்த்து வாங்கிவையுங்கள்.

1. என்ஜினை வெதுவெதுப்பாக்கி நிறுத்துங்கள். கொதிக்கும் சூட்டில் வேண்டாம், கை வெந்துவிடும்.
2. 8 மில்லிமீட்டர் ஆலன் கீயால் டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடியவிடுங்கள். அவசரப்படாமல் அரை மணி நேரம் விடுங்கள்.
3. அடியில் உள்ள பிளாஸ்டிக் ஃபில்டர் கிண்ணத்தை அதற்குரிய மூடி ரெஞ்சால் திருகி இறக்குங்கள். கிண்ணத்தில் மிஞ்சிய ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள்.
4. அந்த ஆயிலைக் காபி வடிகட்டும் காகிதத்தில் ஊற்றி வடிய விடுங்கள்.
5. ஃபில்டரின் காகித மடிப்புகளைக் கூர்மையான பிளேடால் இரு முனையிலும் அறுத்து வெளியே இழுங்கள். ரம்பம் போடாதீர்கள், அதன் துருவலே உங்களைப் பயமுறுத்தும்.
6. மடிப்புகளைப் பழைய நியூஸ் பேப்பரில் பரப்பி வெயிலில் பிடித்து, ஒவ்வொரு பள்ளமாகப் பாருங்கள்.
7. புதிய வாஷர் போட்டு டிரெயின் போல்ட்டை 50 நியூட்டன் மீட்டருக்கும், புதிய ஓ-ரிங் போட்டுக் கிண்ணத்தை 25-க்கும் முறுக்குங்கள். கிண்ணத்தைப் பலம் கொண்ட மட்டும் இறுக்குவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அடுத்த முறை அது வராது, உடையும்.

ஆறாவது படியில் என்ன தெரிகிறது? ஒன்றிரண்டு கண் மினுக்கும் துகள் சாதாரணம். மடிப்பு முழுக்க ஜிகினா தூவியதுபோல மின்னினால், அதன்மேல் ஒரு காந்தத்தை உரசுங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: பேரிங் உதிரத் தொடங்கிவிட்டது, வண்டியை இழுவை லாரியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒட்டாவிட்டால் அலுமினியம், அதுவும் நல்ல செய்தியல்ல. பழுப்பு நிறப் பிளாஸ்டிக் சில்லுகள் கிடந்தால் செயின் டென்ஷனர் பட்டைகள் தேய்ந்து உடைகின்றன. ஒவ்வொரு முறையும் போட்டோ எடுத்து மைலேஜோடு சேர்த்து வையுங்கள். நாளை வண்டியை விற்கும்போது அந்தப் படங்களுக்கு விலை உண்டு.

வெள்ளைப் புகை

என்ஜினுக்குள் எழும் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரித்து வைக்கும் பகுதி ஏர் ஆயில் செப்பரேட்டர். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் ஆயில் நேராக இன்டேக்கில் உறிஞ்சப்படும். தெருவை மூடும் புகை அதுதான். என்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைத் தூக்கிப் பாருங்கள். லேசான உறிஞ்சல் இருக்கும், என்ஜின் சத்தமும் கொஞ்சம் தடுமாறும், அது இயல்பு. இரு கையால் பிடுங்கினால்தான் வரும் என்ற அளவுக்கு இழுத்துப் பிடித்தால் செப்பரேட்டர் போய்விட்டது.

“கொஞ்ச நாள் ஓட்டலாம்” என்று விடாதீர்கள். சிலிண்டரில் ஆயில் நிறைந்தால் கனெக்டிங் ராடு வளையும். பாகம் 150 டாலர் அளவுதான், கை நுழையாத இடத்தில் இருப்பதால் கூலியோடு 600 முதல் 1,000 வரை போகும்.

கூலன்ட்

ரேடியேட்டர் முன்னால், என்ஜின் நடுவில், டேங்க் பின்னால். வண்டியின் நீளம் முழுக்கக் குழாய்கள் ஓடுகின்றன. கசிவதற்கு இடம் ஏராளம்.

டிக்கி டேங்க் பிளாஸ்டிக், வயதானால் வெடிக்கும். அதை மாற்றும் முன் மூடியைப் பாருங்கள். பழைய மூடி அழுத்தம் தாங்காமல் கசியும். பாக எண் 04 என்று முடியும் புதிய மூடி முப்பது டாலர் அளவில் கிடைக்கும். மூடி மட்டுமே கசியும் வண்டிக்கு டேங்க்கை மாற்றி 800 டாலர் பில் போடுவதும் நடக்கிறது.

வாட்டர் பம்ப்பை உடையும்வரை விடக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பட்டறையில் 700 முதல் 1,200 டாலர். என்ஜினின் முன்பக்கம் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடிப்பலகைக்குள் இருக்கிறது. பொறுமையுள்ளவர் அதைக் கழற்றி, அடியிலிருந்தும் கை விட்டு ஒரு வார இறுதியில் தாமே செய்துவிடலாம். மலிவாகக் கிடைக்கும் இரும்பு இறக்கை பம்ப் வேண்டாம். பேரிங் ஆடத் தொடங்கினால் இறக்கை என்ஜின் பிளாக்கையே செதுக்கும். பிளாஸ்டிக் இறக்கை உடைந்தாலும் பிளாக் தப்பும்.

காசே செலவில்லாத வேலை ஒன்று: முன் பம்பரைக் கழற்றி, ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சிக்கியிருக்கும் இலைக்குப்பையை வாருங்கள். ஈரச் சருகு அங்கேயே கிடந்து இரண்டையும் அரித்துவிடும்.

*கவனம்:* சூடான என்ஜினில் கூலன்ட் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். குறைந்தது மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள். கீழே சிந்திய கூலன்ட்டை உடனே கழுவுங்கள். நாயும் பூனையும் நக்கும், நக்கினால் செத்துவிடும்.

கூரையின் வடிகால்

ஐ.எம்.எஸ். பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூரைத் துணியில் வழியும் மழைநீர் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளைகள் வழியே பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே இறங்க வேண்டும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் நிரம்பி, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தேங்கும். சாவியை அடையாளம் காணும் கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுபோய் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். ஓட்டை இருக்கும் காரில் தரைமட்டத்தில் கம்ப்யூட்டர் வைத்தவருக்கு என்ன பெயர் சொல்வதென்று தெரியவில்லை. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. புதிய பெட்டி, டீலரிடம் கோடு ஏற்றுவது எல்லாம் சேர்ந்து 1,000 டாலரைத் தாண்டும்.

ஆண்டுக்கு இருமுறை, இலையுதிர் காலம் முடிந்தும் கோடை தொடங்கும்போதும்:

1. ஹேண்ட் பிரேக் போட்டு, கூரையைப் பாதி திறந்து, பின்மூடி நன்றாக மேலெழுந்த நிலையில் நிறுத்துங்கள். சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விரல் உள்ளே இருக்கும்போது யாராவது ஸ்விட்சைத் தொட்டால் விரல் மிஞ்சாது.
2. டார்ச் அடித்து, இரு பக்கக் கீல்களுக்கும் அருகே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். சேற்றைக் கையால் அள்ளுங்கள்.
3. புல்வெட்டி இயந்திரத்தின் நைலான் நரம்பை மெதுவாகத் துளைக்குள் விடுங்கள். இரும்புக் கம்பியோ கம்ப்ரெஸர் காற்றோ வேண்டாம். உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிட்டால் அடைப்பே தேவலை என்றாகிவிடும்.
4. ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். அடியில் தாரையாக விழ வேண்டும். சொட்டினால் மறுபடி மூன்றாம் படி.

கார்ப்பெட் ஏற்கெனவே நனைந்துவிட்டதா? சாவியைத் திருப்பாதீர்கள். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால்தான் பெட்டி சாகிறது. பேட்டரி இணைப்பை எடுத்து, அரை மணி நேரம் கழித்து இருக்கையைக் கழற்றி, பெட்டியை வெளியே எடுத்து நாட்கணக்கில் உலர விடுங்கள். இருக்கைக்கடியில் ஏர்பேக் இணைப்பு உண்டு என்பதால்தான் அந்த அரை மணி நேரம்.

சில்லறைத் தொல்லைகள்

மழைநாளில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் இக்னிஷன் காயில்களில் மயிரிழை வெடிப்பு இருக்கும். ஆறு காயில், ஒன்று 40 முதல் 60 டாலர். பிளக் மாற்றும்போது சேர்த்துச் செய்யுங்கள்.

சாவி முழுக்கத் திரும்பி வராமல் மக்கர் செய்தாலோ, வண்டியை அணைத்தபின்னும் ரேடியோ பாடினாலோ, பூட்டின் பின்புறமுள்ள மின் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. இரண்டே சிறு திருகாணி. அதே ஸ்விட்ச் ஆடி, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளிலும் இருக்கிறது. அந்தப் பெட்டியில் வாங்கினால் விலை மலிவு. இதையே பட்டறையில் கொடுத்தால் 200 டாலருக்கு மேல்.

முன்பக்கம் மேடுபள்ளத்தில் ‘டொக்’ என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள், அது மலிவு. பிறகுதான் கன்ட்ரோல் ஆர்ம். பிளாஸ்டிக் ஜன்னல் வண்டிகளில் குளிர்காலத்தில் கூரையைத் திறக்காதீர்கள், விறைத்த பிளாஸ்டிக் மடிப்பில் கீறும். புதுக் கூரை கூலியோடு 1,500 முதல் 2,500 டாலர்.

முதல் ஆண்டுக்கு எவ்வளவு வைத்துக்கொள்வது?

மேலே சொன்ன தொகைகள் தனியார் பட்டறைக் கணக்கு. டீலரிடம் போனால் பல வேலைகளுக்கு ஒன்றரை மடங்குக்குக் குறையாது. பில் இல்லாத ஒற்றை வரிசை பேரிங் வண்டியை வாங்கினால் 5,000 டாலர் ஒதுக்குங்கள். கிளட்சும் பேரிங்கும் மாற்றிய பில் இருந்தால் 2,000 போதும். அதை இந்த வரிசையில் செலவிடுங்கள்: முதலில் டயரும் பிரேக்கும். பிறகு ஆயில், ஃபில்டர் ஆய்வு, கூரை வடிகால். அடுத்து வாட்டர் பம்ப்பும் கூலன்ட்டும். கியர்பாக்ஸ் வேலை பாக்கியிருந்தால் அதற்கடுத்து. பெயின்ட், அலாய் சக்கரம், சைலன்சர் சத்தம் எல்லாம் இரண்டாம் ஆண்டுக்கு.

இந்தத் தொகை உங்களிடம் தனியாக இல்லையென்றால் இந்த வண்டியை இப்போது வாங்காதீர்கள். அதே பணத்துக்கு நல்ல நிலையில் ஒரு மாஸ்டா மியாட்டா கிடைக்கும். கூரை அதிலும் திறக்கும்.